மைதானத்துக்குள் ஒரு மேடு

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2000ஆம் ஆண்டில் புது பேஸ்பால் மைதானத்துக்குக் குடிபோனபோது, அதன் சென்டர் ஃபீல்டில், அதாவது அடிக்கிறவருக்கு நேர் எதிர்ப் பகுதியில், ஒரு மேட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். புல் போர்த்திய சரிவு. அதன்மேல் ஒரு கொடிக்கம்பம் வேறு, ஆடுகளத்துக்கு உள்ளேயே. அண்ணாந்து பந்தைப் பார்த்தபடி பின்னால் ஓடுகிற ஃபீல்டர், மேட்டில் தடுக்காமல், கம்பத்தில் மோதாமல் பிடிக்க வேண்டும். நிலம் தட்டையாகக் கிடக்கும் ஊரில் வேலை மெனக்கெட்டு மண்ணைக் குவித்துச் செய்த மேடு அது. 2016 சீசன் முடிந்ததும் அதை வெட்டிச் சமன்படுத்திவிட்டார்கள்.

எனக்கு அந்த மேட்டின் மேல் தீராத கடுப்பு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

பேஸ்பாலில் ஆட்டக்காரர் ஓடிச் சேர வேண்டிய பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 90 அடி. பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, அடிக்கிறவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். இதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் வேலி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில், என்ன கோணத்தில் இருக்கும் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. இங்கிலாந்தின் கான்டர்பரியில் பவுண்டரிக்கு உள்ளேயே ஒரு லிண்டன் மரம் நின்றது. பந்து அதில் பட்டால் நாலு ரன். 2005இல் காற்றில் விழும்வரை அப்படித்தான். ஆனால் கிரிக்கெட்டில் அது விதிவிலக்கு, ஊருக்கே அதிசயம். பேஸ்பாலில் ஒரு காலத்தில் எல்லா மைதானமுமே அப்படி ஒரு மரத்தோடுதான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1909க்குப் பிறகு மர மைதானங்கள் போய் இரும்பும் கான்கிரீட்டும் வந்தன. மரத்தில் கட்டியவை அடிக்கடி தீப்பிடித்தன என்பது முக்கியக் காரணம். நகரத்துக்குள் கிடைத்த மனைதான் இடம். சுற்றிலும் தெரு, தண்டவாளம், வீடுகள். மனை எந்த வடிவமோ மைதானமும் அந்த வடிவம்.

பாஸ்டனின் ஃபென்வே பார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1912 ஏப்ரல் 20இல் அங்கே முதல் லீக் ஆட்டம். டைட்டானிக் மூழ்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. செய்தித்தாளில் மைதானத்துக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். இடதுபுறம் லான்ஸ்டவுன் தெரு குறுக்கே போகிறது. அதனால் அந்தப் பக்கம் வேலிக்கு வெறும் 310 அடிதான். ஓசியில் பார்க்கிறவர்களிடமிருந்து ஆட்டத்தை மறைக்க ஒரு சுவர் எழுப்பினார்கள். இன்று அதன் உயரம் 37 அடி. 1947இல் விளம்பரங்களை எல்லாம் அழித்துப் பச்சை அடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த பெயர்தான் கிரீன் மான்ஸ்டர், பச்சைப் பூதம்.

இந்தச் சுவர் ஆட்டத்தையே திருப்பிப் போடுகிறது. சுமாரான அடி, ஆனால் உயரமாகத் தூக்கிவிட்டது என்றால், வேறு ஊரில் கேட்ச் ஆகியிருக்கும் பந்து இங்கே வேலியைத் தாண்டி ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி. வேறு ஊரில் ஹோம் ரன்னாகப் பறந்திருக்கும் விளாசல், மட்டமாகப் போனதால் சுவரில் மோதித் திரும்பி விழும். பாஸ்டன் அணியின் ஃபீல்டர் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி அந்தச் சுவரில் பந்து எப்படித் தெறிக்கும் என்று படித்துவைத்துக்கொண்டே பல பேரை அவுட் ஆக்கினார்.

ஆரம்ப காலத்தில் அந்தச் சுவரின் அடியிலும் ஒரு மேடு இருந்தது. தெரு மட்டம் உயரம், மைதானம் பள்ளம். வித்தியாசத்தைச் சரிக்கட்டச் சுமார் பத்தடிச் சரிவு. டஃபி லூயிஸ் என்ற ஆட்டக்காரர் அதில் ஏறி இறங்கிப் பந்து பிடிப்பதில் கில்லாடி ஆனதால், மேட்டுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1934இல் அதைக் கிட்டத்தட்டத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது புரிகிறதா என் கடுப்பு? பாஸ்டனில் மேடு வந்தது வேறு வழியில்லாமல். ஹூஸ்டனில் வந்தது, ‘பழைய மைதானங்களில் எல்லாம் இப்படி ஏதோ இருந்ததே’ என்று.

நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் இன்னும் விசித்திரம். குளியல் தொட்டி மாதிரி நீண்ட வடிவம். வலது மூலைக்கு 258 அடி, இடது மூலைக்கு 279, நேரே போனால் 480க்கும் மேல். 1954 வேர்ல்ட் சீரிஸின், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரின், முதல் ஆட்டத்தில் விக் வெர்ட்ஸ் நேரே அடித்த ராட்சத அடியை, வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடிப்போய்த் தோளுக்கு மேல் வாங்கிப் பிடித்தார். அந்தப் புகைப்படம் உலகப் பிரசித்தம். அதே ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸில் டஸ்டி ரோட்ஸ் வலது மூலையில் அடித்த ஒரு நோஞ்சான் அடி, வேலியை ஒட்டித் தாண்டி, ஹோம் ரன்னாகி ஆட்டத்தையே முடித்துவைத்தது. அநியாயம்தான். ஆனால் எழுபது வருடம் கழித்தும் பேசுகிறோமே.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. செயின்ட் லூயிஸ் மைதானத்தில் 1944 வரை கறுப்பின ரசிகர்களுக்குத் தனிப் பகுதிதான். ஃபென்வேயில் இன்றும் தூணுக்குப் பின்னால் இருக்கைகள் உண்டு.

அப்புறம் 60களில் கார் வந்தது, புறநகர் வந்தது. அமெரிக்கக் கால்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் சேர்த்து வட்டவட்டமாக, கார் நிறுத்துமிடக் கடலுக்கு நடுவில் தீவுகள் போல மைதானங்கள். சின்சினாட்டியும் பிட்ஸ்பர்கும் பிலடெல்பியாவும் ஒரே அச்சில் வார்த்த பணியாரம். இதில் எனக்குக் கொஞ்சம் பாசம் இருப்பது ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் மேல் மட்டும்தான். 1965இல் திறந்தார்கள். புல் வளர வெளிச்சம் வேண்டுமென்று கூரையில் ஆயிரக்கணக்கில் கண்ணாடி போன்ற தகடுகள். பகல் வெயிலில் அந்தப் பளபளப்பில் ஃபீல்டர்களுக்குப் பந்தே தெரியவில்லை. சரி என்று தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்து அந்த சீசனை ஓட்டினார்கள். மறு வருடம் செயற்கைப் புல் வந்தது. ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் பிறந்தது அங்கேதான். ஒரு தப்பை மூட இன்னொரு தப்பு, ஆனாலும் எதையும் பார்த்து அடித்த காப்பி அல்ல.

1992இல் பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் திறந்ததும் காற்று மாறியது. வலதுபுறம் ஏற்கெனவே நின்றிருந்த, ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள செங்கல் ரயில்வே கிடங்கை இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். அழகு அங்கேதான் வந்தது. பின்னால் வந்தவர்கள் கிடங்கு இல்லாத இடத்திலும் செங்கல்லை ஒட்டினார்கள், தெரு இல்லாத பக்கமும் வேலியை மடக்கினார்கள், மேடு கட்டினார்கள். பல ஊர்களில் வரிப்பணத்தில். அட்லாண்டாவின் டர்னர் ஃபீல்டில் பிரேவ்ஸ் அணி ஆடியது 20 சீசன். பிறகு புறநகரில் வேறொன்று, அந்த மாவட்டம் சுமார் 30 கோடி டாலர் கொடுத்தது. மேடு கட்டிய அந்த ஹூஸ்டன் மைதானத்தின் முதல் பெயர் என்ரான் ஃபீல்ட், என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் பெயர். திறந்த மறுவருடமே, கணக்கு மோசடி அம்பலமாகி, என்ரான் திவால். அதைப் பற்றி நான் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஃபென்வேயில் லான்ஸ்டவுன் தெருக் கடைகளின் ஜன்னலைக் காப்பாற்ற 1936இல் சுவருக்கு மேலே ஒரு வலை கட்டினார்கள். அதில் விழும் பந்துகளை எடுத்துவர ஆள் ஏற, சுவரிலேயே ஒரு இரும்பு ஏணி. 2003இல் வலையைக் கழற்றிவிட்டு மேலே இருக்கைகள் போட்டார்கள். எடுக்க வலையும் இல்லை, ஏற ஆளும் இல்லை. ஏணி இன்னும் அங்கேயே இருக்கிறது. எப்போதாவது பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.