யோசித்ததற்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

சுவர் இதழ் விவகாரத்தை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. சுருக்கம் இதுதான்: நான் தத்துவம் நடத்திய கல்லூரியின் சுவர் இதழில் ஒரு மாணவி நேர்த்திக்கடனைப் பற்றிக் கட்டுரை எழுதினார், அதில் ஒரு பத்தியை யாரோ படம்பிடித்துப் பரப்பிவிட்டார்கள். போன வாரம் மதுரையில் பாதிப் பேருடைய வாட்ஸ்அப்பில் அந்தப் புகைப்படம் சுற்றிவிட்டது. என்னைத் தொடர்பவர்களில் பலர் அதை எனக்கே அனுப்பியிருக்கிறார்கள், சிலர் கோபத்தோடு, சிலர் "ஐயா, உங்க பாடம்தானே, என்ன சொல்றீங்க?" என்ற குறும்போடு. சொல்கிறேன். அந்தக் கட்டுரையில் இருந்தது ஒரு கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்லலாம், பதில் தெரியாது என்றும் சொல்லலாம். இரண்டையும் விட்டுவிட்டு, அதை எழுதிய 19 வயது மாணவியிடம் கல்லூரியில் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். எரிச்சல் அதில்தான்.

புகைப்படத்தில் இருந்தது ஒரே ஒரு பத்தி. முழுக் கட்டுரையை அந்த மாணவியின் ஒப்புதலோடு படித்தேன். பதிவிட்டவர்களும் பகிர்ந்தவர்களும் அந்தத் தொந்தரவை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவருடைய தம்பிக்கு டெங்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பாட்டி அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டார். தம்பி பிழைத்துவிட்டான். அடுத்த கட்டிலில் இருந்த பையனின் தாயும் அதே கருப்பனுக்குத்தான் நேர்ந்திருந்தார். அந்தப் பையன் பிழைக்கவில்லை. எங்கள் வேண்டுதலைச் சாமி கேட்டுவிட்டது என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாவின் வேண்டுதலைப் பற்றி நாங்கள் என்ன சொன்னதாக ஆகிறது என்று கேட்டிருக்கிறார். இதற்கு அடுத்து வருவதுதான் நீங்கள் எல்லோரும் பார்த்த வரி: நேர்த்திக்கடன் என்பது தெய்வத்துக்குக் கொடுக்கும் லஞ்சமா? புகைப்படம் அங்கே முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த வரி இது: "அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பாட்டி அன்று அழுதது பேரம் பேசுகிறவரின் அழுகை அல்ல." பக்கத்தைத் திருப்பப் பொறுமை இல்லாதவர்களின் மனம்தான் முதலில் புண்பட்டிருக்கிறது.

தத்துவம் படித்தவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. எல்லாம் வல்ல, எல்லையில்லாத கருணையுள்ள கடவுள் இருக்க, குற்றமற்ற குழந்தை ஏன் சாக வேண்டும் என்பதைத் தீமைச் சிக்கல் என்ற பெயரில் சமயத் தத்துவ வகுப்பில் நாங்களே நடத்துகிறோம். லஞ்சம் பற்றிய வரியும் அப்படித்தான். பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலில், பக்தி என்பது தெய்வங்களும் மனிதர்களும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் வியாபாரக் கலையா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அதைக் கேட்ட இடம் நீதிமன்ற வாசல். ஊர் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்ற வழக்குக்காக அங்கே போயிருந்தார். கி.மு. 399இல் அவருக்கு நஞ்சு கொடுத்தார்கள். அந்த உரையாடலை இன்றைக்கு நாம் பாடத்திட்டத்தில் வைத்து மதிப்பெண் போடுகிறோம். ஏதென்ஸ்காரர் கேட்டால் பாடம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் கேட்டால் ஒழுங்கு நடவடிக்கை.

இனி, வரப்போகும் பின்னூட்டங்களுக்கு இப்போதே பதில் எழுதிவிடுகிறேன்.

"இந்த வயதில் இதெல்லாம் என்ன பேச்சு?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். மணிமேகலையை எழுதியவர் இந்த மதுரையின் கூலவாணிகர் சாத்தனார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோமே, அந்தக் காப்பியத்தில் என்ன நடக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? மணிமேகலா தெய்வம் அந்தப் பெண்ணுக்கு வேற்றுரு எடுக்கும் மந்திரத்தைக் கொடுக்கும்போது அதற்குக் காரணமும் சொல்கிறது. நீ இளையவள், வளையல் அணிந்தவள் என்று நினைத்து எந்தச் சமயத்தாரும் உனக்குத் தங்கள் கொள்கையின் சாரத்தைச் சொல்ல மாட்டார்கள், ஆகவே உருவத்தை மாற்றிக்கொண்டு போய்க் கேள் என்கிறது. அவளும் தவசி வேடத்தில் வஞ்சி நகருக்குப் போய், அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் என்று அன்றைய சமயத்தார் ஒவ்வொருவரிடமும் நின்று கேட்கிறாள். கண்ணால் காண்பது மட்டுமே மெய் என்னும் பூதவாதியிடம் வந்ததும் சிரித்தே விடுகிறாள். இளம்பெண் கேள்வி கேட்டால் இந்த ஊர் என்ன செய்யும் என்று சாத்தனாருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நம்முடைய மாணவிக்கு அந்த மந்திரம் தெரியவில்லை, சொந்தப் பெயரைக் கட்டுரையின் கீழே எழுதிவிட்டார்.

"மற்ற மதங்களைப் பற்றி இப்படி எழுதத் துணிவாரா?" எழுதியிருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் கோரிப்பாளையம் தர்காவில் ஓதி வாங்கும் கயிறும், மரியன்னை பேராலயத்தில் ஏற்றும் மெழுகுவர்த்தியும் வருகின்றன. அந்தப் பக்கத்தை யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. அது போகட்டும். கேள்வி கேட்பது மதத்துக்கு விரோதம் என்று எந்த மதம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? விவிலியத்தில் யோபுவின் கதை இருக்கிறது. மக்களை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கும் மனிதர் கடவுளிடம் நியாயம் கேட்கிறார். நண்பர்கள் மூவர் கடவுளுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது வக்காலத்து வாங்கியவர்களைத்தான். பாக்தாதில் பெரும் புகழோடு கற்பித்துக்கொண்டிருந்த இமாம் கஸ்ஸாலி, மனத்துக்குள் நெருக்கடி முற்றி 1095இல் பதவியைவிட்டே கிளம்பினார். அவரை இஸ்லாத்தின் பகைவர் என்று யாரும் சொல்வதில்லை. நம் சுந்தரரைப் பாருங்கள். கண் பார்வை போய்த் திருவாரூரில் நின்றுகொண்டு, "வாழ்ந்து போதீரே" என்று சிவபெருமானைப் பார்த்துப் பாடுகிறார். நாங்கள் இப்படித் தவிக்கிறோம், நீர் நன்றாக இரும் என்பது அதன் தொனி. அதைத் தேவாரம் என்று கோயிலில் ஓதுகிறோம். சுந்தரரிடம் யாரும் கடிதம் கேட்டதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதவில்லை.

"பக்தர்களின் மனம் புண்படாதா?" இதை நான் எள்ளி நகையாட மாட்டேன். நானும் கும்பிடுகிறவன்தான். எங்கள் குடும்பத்தில் முதல் முடி இறக்குவது அழகர்கோயிலில்தான்; சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது கோரிப்பாளையம் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்பவர்களில் நானும் ஒருவன். புண்படுவது உண்மை. ஆனால் புண்பட்டேன் என்று சொன்ன உடனேயே எதிரில் இருப்பவர் வாயை மூட வேண்டும் என்றால், 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றிருக்க முடியாது. அன்றும் பலர் உண்மையாகவே புண்பட்டார்கள், பூசை செய்ய மறுத்த பட்டர்களும் உண்டு. அதையும் இதையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடத்தான் செய்கிறேன்.

"சட்டம் இருக்கிறது, தெரியுமா?" தெரியும். ஆராய்ந்து கேட்கும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவில் 1976இல் சேர்த்ததும் சட்டம்தான். மேலே போவோம்.

இந்த ஊரில் வாதம் செய்வது அன்னிய வழக்கம் என்பதுபோல் பேசுகிறார்கள், அதுதான் எனக்கு விளங்கவில்லை. சம்பந்தரும் சமணர்களும் ஏட்டைத் தீயில் இட்டு அனல்வாதமும், ஆற்றில் இட்டுப் புனல்வாதமும் செய்தார்கள், வைகையில் இட்ட ஏடு எதிரேறித் திருவேடகத்தில் நின்றது என்பதெல்லாம் இந்த ஊரின் புராணம். தோற்றவர்கள் கழுவேறியதாகவும் அதே புராணம் சொல்கிறது. அது நடந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அன்றைக்குக் கழுமரம், இன்றைக்கு மன்னிப்புக் கடிதம். நாகரிகம் வளர்ந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

வேலையில் இருந்தபோது மாணவர்களைக் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு அழைத்துப் போவேன். ஒருமுறை அங்கே செட்டிப்புடவு என்னும் குகையில் மகாவீரர் சிற்பத்துக்கு முன்னால் ஒரு மாணவன் கேட்டான், "ஐயா, ஊர்ச் சனம் இவரைச் செட்டியார்னு நினைச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்கு. யாருன்னு தெரியாம கும்பிட்டா அது யாருக்குப் போய்ச் சேரும்?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மா கீழே பாறையில் உட்கார்ந்திருந்தவர், நாங்கள் கேட்காமலேயே சொன்னார்: "சேந்துச்சா சேரலயான்னு சாமியில்லப்பா சொல்லணும். நீ கேட்டது நல்லாத்தான் இருக்கு." அன்று பொழுது சாயும்வரை எண்ணம் பெரிதா, இலக்கு பெரிதா என்று அங்கேயே பேசிக்கொண்டிருந்தோம். எந்த வகுப்பறையிலும் அப்படி ஒரு பாடம் எனக்கு அமைந்ததில்லை. அந்த அம்மாவுக்கு மனம் புண்படவில்லை. பட்டம் வாங்கிய நமக்குத்தான் சட்டென்று புண்படுகிறது.

அதே மலையில் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்துச் சமணச் சிற்பங்களின் கீழே, பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைச் சேர்ந்த இன்னாருடைய மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்று ஆசிரியர் பெயரோடு மாணாக்கர் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மாணாக்கரின் பெயருக்குக் கல்லில் இடம் இருந்தது. நம் கல்லூரிச் சுவரில் நான்கு குண்டூசியில் நின்ற தாளுக்கு இடம் இல்லை.

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாமே, முகநூலில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: கல்லூரிக்குப் போனேன். வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தேநீர் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு, "சார் மீட்டிங்ல இருக்காங்க, நீங்க மெயில் போட்டுருங்க" என்றார்கள். மெயிலும் போட்டேன். பதில் இல்லை. பதில் வந்தது பொதுவெளியில்தான், அதுவும் என்னிடம் படித்த ஒருவரிடமிருந்து. பெயர் சொல்ல மாட்டேன். "இப்படிப்பட்ட வாத்தியார்கள்தான் பிள்ளைகளைக் கெடுத்தது" என்று அவர் எழுதியதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறிகள். விருப்பக்குறி போட்டவர்களில் பாதிப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். கருத்து வேறுபாடு இருக்கட்டும் தம்பி, வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? கடைசி வரிசையிலிருந்து நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அந்த மாணவியின் கேள்வியைவிடக் கடுமையானவை. எந்தக் கேள்விக்கு நான் உங்களிடம் கடிதம் கேட்டேன்?

இதில் மனித சுபாவம் பற்றி எனக்குத் தோன்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பகிர்ந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, கடிதம் கேட்டவர்களும் இல்லை. எல்லோருக்கும் பயம். கல்லூரிக்குச் சேர்க்கை குறையும் என்ற பயம், துறைக்கு மேலிடத்தின் பயம், பெற்றோருக்கு மகளின் கல்யாணப் பயம். அறவியல் தாளில் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்டை நடத்துகிறோம். தண்டனைக்குப் பயந்து செய்த காரியம் சரியான காரியமாகவே இருந்தாலும் அதற்கு அறமதிப்பு கிடையாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மாணவர்களை எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். அதை எழுதிக்கொண்ட கைதான் "இனி இவ்வாறு செய்ய மாட்டேன்" என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறது. எதைச் செய்ய மாட்டார்? யோசிக்க மாட்டாரா, யோசித்ததை வெளியே சொல்ல மாட்டாரா? அடுத்த ஆண்டு சுவர் இதழில் எல்லோரும் கைடில் இருப்பதைப் பார்த்து "மனிதநேயமே மகத்தானது" என்று எழுதுவார்கள். அப்படிப்பட்ட கட்டுரைகளைக் கட்டுக் கட்டாகத் திருத்தியவன் நான். ஒன்றில்கூட எழுதியவரின் தம்பி இருக்க மாட்டான், பாட்டி இருக்க மாட்டார், அடுத்த கட்டிலில் யாரும் இருக்க மாட்டார்கள். அவற்றுக்கு நிறைய மதிப்பெண் போட்டிருக்கிறோம்.

அந்த மாணவி நாத்திகரா ஆத்திகரா என்று கேட்டு உள்பெட்டியில் வருபவர்களுக்குப் பதில் இல்லை. அது அவருக்கே இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் கட்டுரையின் அழகு. முடிவாகாதவரிடம் நாம் தண்டனையோடு போய் நிற்கிறோம். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறேன். அந்த இரண்டாவது தாய் கருப்பசாமியிடம் என்ன குறை வைத்தார்? ஊழ் என்பீர்களா, சொல்லுங்கள், விவாதிக்கலாம். சோதனை என்பீர்களா, அதையும் சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதைச் சொல்வதிலும் அவமானம் ஒன்றும் இல்லை, நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை அவருக்குப் பருவத்தேர்வு தொடங்குகிறது. சமயத் தத்துவத் தாளில் "தீமைச் சிக்கலை எடுத்துக்காட்டுடன் விளக்குக" என்று 10 மதிப்பெண் கேள்வி அநேகமாக வரும். எந்த எடுத்துக்காட்டை எழுதலாம், எதை எழுதினால் கடிதம் கேட்பார்கள் என்று கல்லூரி நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் படிக்கச் சௌகரியமாக இருக்கும்.