அந்தச் சுத்தியல் சத்தத்தோடு எழுந்து வந்திருக்கலாம்

2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படமான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தின் தமிழ்ப் பதிப்புக்கு, காலைக் காட்சிக்கு, அக்கா மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். உண்மையில் அவன்தான் என்னை அழைத்துப் போனான். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது மட்டுமே என் வேலை. ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்த அவன், அதற்கு ஒரு மாதம் முன்பே தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அதுவரை வந்திருந்த 21 மார்வெல் படங்களையும் வெளிவந்த வரிசைப்படி எழுதி, நான் பார்த்தவற்றுக்கு எதிரே டிக் போட்டு, பார்க்காதவற்றைக் ‘கட்டாயம்’, ‘நேரம் இருந்தால்’ என்று இரண்டாகப் பிரித்துக் கிழித்துக் கொடுத்திருந்தான். கட்டாயம் என்று அவன் குறித்திருந்தவற்றை முடித்த பிறகுதான் எனக்கு அரங்குக்குள் நுழைய அனுமதி கிடைத்தது.

அந்தப் படத்தில் அயர்ன் மேனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. வசனம் எழுதியவர் ஏ.ஆர். முருகதாஸ். முந்தைய படங்களின் டப்பிங் குரலுக்குப் பழகியிருந்த ரசிகர்கள் இதை ஏற்காமல் சமூக ஊடகங்களில் கொதித்துப்போனது நினைவிருக்கலாம். எனக்கு அந்தக் கொதிப்பு வேடிக்கையாகவும், கொஞ்சம் நெகிழ்ச்சியாகவும் இருந்தது. அமெரிக்கக் கோடீசுவரன் ஒருவனுக்கு யார் குரல் பொருந்தும் என்று தமிழர்கள் இரவெல்லாம் சண்டை போடுகிறார்கள் என்றால், அவன் எப்போதோ நம் வீட்டு ஆளாகிவிட்டான் என்றுதானே பொருள்?

மூன்று மணி நேரப் படம் அயர்ன் மேனின் சாவோடு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பெயர்கள் ஓடி முடிந்தபின் அடுத்த படத்துக்கான ஒரு துண்டுக் காட்சி வரும் என்பது மார்வெலின் வழக்கம். அன்று காட்சி எதுவும் வரவில்லை. கறுப்புத் திரையில் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம் மட்டும் சில முறை கேட்டு அடங்கியது. “மாமா, 2008 படத்துல குகைக்குள்ள அயர்ன் மேன் முதல் கவசம் செஞ்ச சத்தம் அது” என்று அவன் என் காதோரம் சொன்னான். பன்னிரண்டு வயதுப் பையனின் குரல் தழுதழுத்ததை அன்றுதான் கேட்டேன். 11 ஆண்டுகளில் 22 படங்களைப் பின்னிக் கட்டிய ஒரு நிறுவனத்துக்கு, கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறதே என்று வியந்தபடி வெளியே வந்தேன்.

2023 தீபாவளிக்கு ‘தி மார்வெல்ஸ்’ வந்தபோது தனியாகத்தான் போனேன். அதே வெள்ளிக்கிழமை ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’, ‘ஜப்பான்’ என்று இரண்டு தமிழ்ப் படங்களும் வந்திருந்ததால், இதற்குக் கிடைத்தது வளாகத்தின் மிகச் சிறிய திரை. அதிலும் முன்வரிசைகள் காலியாகவே கிடந்தன. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் துடைப்பத்தோடு உள்ளே வந்த ஊழியர், எனக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்து, பாப்கார்ன் சிதறல்களைக் கூட்டத் தொடங்கினார். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட அக்கா மகன் முதல் நாளே ஃபோனில் சொல்லிவிட்டான்: “அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு சீரிஸ் பார்க்கணும் மாமா, அதுக்கெல்லாம் நேரமில்ல.”

உலகம் முழுவதும் அவனைப் போலத்தான் நினைத்திருக்க வேண்டும். ‘எண்ட்கேம்’ உலக அளவில் சுமார் 280 கோடி டாலர் வசூலித்தது. ‘கேப்டன் மார்வெல்’ 2019இல் 113 கோடி டாலர் வசூலித்தது. அதன் தொடர்ச்சியான ‘தி மார்வெல்ஸ்’ சுமார் 20 கோடியோடு நின்றுபோனது. சூப்பர்மேன் படங்களை எடுக்கும் எதிர் முகாமான டிசியிலும் இதே கதைதான். 107 கோடியைத் தொட்ட ‘ஜோக்கர்’ படத்தின் அடுத்த பாகம் 2024இல் 21 கோடியைக்கூட எட்டவில்லை. நான்கைந்து ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்குப் பார்வையாளர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு ‘சூப்பர் ஹீரோ சலிப்பு’ என்ற ஆயத்த விடை ஒன்று கையில் தரப்படுகிறது. மக்களுக்குப் புளித்துவிட்டது, பறப்பதையும் அடிப்பதையும் எத்தனை முறைதான் பார்ப்பார்கள் என்கிறார்கள்.

எனக்கு இந்த விடையில் நம்பிக்கை இல்லை. திரும்பத் திரும்பப் பார்ப்பதால் கதை புளிக்கும் என்றால், வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து என்றைக்கோ நின்றுபோயிருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அபிமன்யு எப்படிச் சாவான் என்பதும், கர்ணன் எங்கே வீழ்வான் என்பதும் தெரியும். ஆனாலும் விடிய விடிய விழித்திருந்து ஆண்டுதோறும் அழுகிறாள். படுகளத்தன்று மண்ணில் மல்லாக்கப் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தின் தொடையில் அடி விழுந்து, பாஞ்சாலி கூந்தலை முடிந்துவிட்டால் அந்த ஆண்டுப் பாரதம் முடிந்தது. மறு ஆண்டு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்றாலும், செத்த துரியோதனன் வேறொரு உலகத்திலிருந்து எழுந்து வந்து, தான் வேறு துரியோதனன் என்று சொல்வதில்லை.

இந்தப் படங்களை விட்டுக் கூட்டம் போனதற்கு, கதை முடிவதற்கே இடமில்லாமல் செய்துவிட்டதுதான் காரணம் என்பது என் எண்ணம். கதைக்கு முடிவு இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தவரை, 21 படங்களைப் பட்டியல் போட்டுப் பார்ப்பது ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் திருவிழாவாக இருந்தது. முடிவு இல்லை என்று தெரிந்துவிட்ட அன்றைக்கே அதே பட்டியல் வீட்டுப்பாடமாகிவிட்டது.

வீட்டுப்பாடம் என்பதை வெறும் வசையாகச் சொல்லவில்லை, எண்ணியே பார்த்தேன். 2021, 2022 ஆகிய இரண்டே ஆண்டுகளில், நான்காம் கட்டம் என்று அவர்கள் பெயரிட்ட காலத்தில், 7 திரைப்படங்களும் 8 தொடர்களும் வந்தன. ‘வாண்டாவிஷன்’ 9 பகுதிகள், ‘லோகி’ 6, ‘மூன் நைட்’ 6, ‘ஷீ-ஹல்க்’ 9 என்று கூட்டிக்கொண்டே போனால் தொடர்கள் மட்டும் 57 பகுதிகள். இவற்றைப் பார்க்காதவன் படத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ‘தி மார்வெல்ஸ்’ ஒன்றே போதும். அதில் மூன்று நாயகிகள். ஒருத்தி 2019 படத்தில் வந்தவள். இரண்டாமவளுக்குச் சக்தி கிடைத்த கதை ‘வாண்டாவிஷன்’ தொடரில் இருக்கிறது. மூன்றாமவளுக்கென்று ‘மிஸ் மார்வெல்’ என்ற தனித் தொடரே இருக்கிறது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் என் அக்காவுக்குக்கூட, நடுவில் மூன்று மாதம் விட்டாலும் யார் யாருக்கு என்ன உறவு என்று பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். இங்கே டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணிசமான தொகை கொடுத்துவிட்டு வந்தவன், மற்றவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பக்கத்து இருக்கையைப் பார்க்க வேண்டியிருந்தது.

இது கதாசிரியர்களின் திறமைக் குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. 2019 நவம்பரில் டிஸ்னி தன் ஓடிடி தளத்தைத் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உச்சத்தைத் தொடும் கதை ஒரு திரையரங்குக்குப் போதும். மாதச் சந்தா வசூலிக்கும் தளத்துக்குப் போதாது. அதற்குத் தேவை, சந்தாவை நிறுத்தலாமா என்று ஒருவன் யோசிக்கும் முன்பே அடுத்த பகுதி வந்து நிற்பது. முடிவே இல்லாத கதை என்பது அந்த வியாபாரத்தின் தேவை. கதையின் தேவை எப்போதும் அதற்கு நேர் எதிரானது. மார்வெலின் உரிமையாளரான டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகரே, அளவுக்கு மீறித் தயாரித்ததால் கவனம் சிதறிவிட்டது என்று 2023இல் ஒப்புக்கொண்டார். 2024 மே மாதத்தில், இனி ஆண்டுக்கு இரண்டு படங்கள், மிஞ்சிப் போனால் மூன்று, தொடர்கள் இரண்டு என்று குறைக்கப்போவதாகவும் அறிவித்தார். நோய் எது என்று அவருக்குப் பாதி தெரிந்திருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தால் சோர்வு குறையும். மரணத்துக்கு மரியாதை திரும்புமா என்பது வேறு விஷயம்.

மரணம் என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்துகிறேன். ‘எண்ட்கேம்’ படத்துக்கு முந்தைய அவெஞ்சர்ஸ் படமான ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தின் தொடக்கத்தில் லோகி கழுத்து நெரிபட்டுச் சாகிறான்; நடுவில் கமோரா மலையுச்சியிலிருந்து தள்ளப்படுகிறாள்; கடைசியில் விஷனின் நெற்றிக்கல் பிடுங்கப்படுகிறது. அரங்கில் ஒரு சத்தமும் இல்லாமல் நாங்கள் பார்த்த சாவுகள் அவை. பிறகு வேறொரு காலத்திலிருந்து தப்பிய இன்னொரு லோகிக்குத் தனித் தொடர் கிடைத்தது, இன்னொரு கமோரா வந்தாள், விஷனும் ஏதோவொரு வடிவில் வந்தான். ஒரே ஆளுக்கு வேறு வேறு உலகங்களில் வேறு வேறு வடிவம் உண்டு என்னும் பல பிரபஞ்சக் கோட்பாட்டை மூளைக்கு விருந்து என்று முதலில் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். அது இறந்தவர்களை மீட்டுக்கொண்டு வரும் பின்வாசல் மட்டுமே என்று புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இதன் உச்சம் 2024இல் வந்த ‘டெட்பூல் & வுல்வரின்’. 2017இல் ‘லோகன்’ படத்தில் வுல்வரின் இறந்து, காட்டுக்குள் கற்களைக் குவித்து அடக்கம் செய்யப்படுகிறான். அந்த வகைப் படங்களிலேயே அதைவிடக் கண்ணியமான ஒரு முடிவை நான் பார்த்ததில்லை. புதிய படத்தின் முதல் காட்சியில் டெட்பூல் அந்தக் குழியைத் தோண்டி, உலோக எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பாட்டுக்கு ஆடிக்கொண்டே அவற்றால் எதிரிகளைக் குத்திக் கொல்கிறான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். படம் 133 கோடி டாலர் வசூலித்தது. இறந்தவனின் எலும்பை வைத்துச் சம்பாதிக்கிறோம் என்று அவர்களே நம்மிடம் சொல்லிவிட்டதால், அந்த நேர்மைக்குக் கிடைத்த கைத்தட்டல் அது. அதே நகைச்சுவையை இரண்டாம் முறை சொல்ல முடியாது.

வேறு காரணங்களே இல்லை என்று நான் வாதாடவில்லை. கொரோனாவுக்குப் பிறகு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் எல்லாப் படங்களையும் பாதித்தது. ‘எண்ட்கேம்’ மட்டும் 60 கோடி டாலருக்கு மேல் அள்ளிய சீனாவில், 2021 முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேலாக எந்த மார்வெல் படமும் திரைக்கு வரவில்லை. கிராபிக்ஸின் தரமும் சரிந்தது. கடைசி நிமிடம் வரை காட்சிகளை மாற்றி மாற்றிக் கேட்டு வதைத்ததன் விளைவாக, மார்வெலின் காட்சி விளைவுக் கலைஞர்கள் 2023 செப்டம்பரில் வாக்களித்துத் தொழிற்சங்கமே அமைத்துக்கொண்டார்கள். ஆனால் இவை மட்டுமே காரணம் என்றால், அதே 2023இல் ‘பார்பி’ 144 கோடியும், மூன்று மணி நேரம் மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கும் ‘ஓப்பன்ஹைமர்’ 95 கோடிக்கு மேலும் எப்படி வசூலித்தன? உலக வசூலில் அந்த ஆண்டின் முதல் மூன்று இடங்களில் சூப்பர் ஹீரோ படம் ஒன்றுகூட இல்லை. நான்காவதாக வந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’யின் மூன்றாம் பாகம், அந்தக் கும்பலிடமிருந்து விடைபெறும் படம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட படம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

டிசி இந்தத் தவறை எதிர்த்திசையிலிருந்து செய்தது. 2023 ஜனவரி இறுதியில், டிசி படங்களுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த இயக்குநர் ஜேம்ஸ் கன், எல்லாவற்றையும் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்கப்போவதாக அறிவித்தார். எடுத்து முடித்து வைத்திருந்த நான்கு படங்கள் அதன் பிறகு அதே ஆண்டில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இடிக்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்டால் யார் குடிவருவார்கள்? ‘தி ஃப்ளாஷ்’ 27 கோடியோடு படுத்தது. முதல் பாகம் 115 கோடி ஈட்டிய ‘அக்வாமேன்’ இரண்டாம் பாகத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு படத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூலையில் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்துக்கு எந்த வீட்டுப்பாடமும் தேவையில்லை. தனி உலகம், 1960களின் சாயல், விமர்சகர்களின் பாராட்டும் இருந்தது. அப்படியிருந்தும் அமெரிக்காவில் இரண்டாவது வாரக் கடைசியில் வசூல் மூன்றில் இரண்டு பங்கு சரிந்து, உலக அளவில் 52 கோடியில் நின்றது. அதே மாதம் வந்த ‘சூப்பர்மேன்’ 61 கோடியைத் தாண்டியது என்றாலும், அதுவும் பழைய கணக்கில் வெற்றியாகாது. நாலு முறை கல்லைக் கலந்து ஏமாற்றிய கடையில் ஐந்தாம் முறை நல்ல அரிசியே போட்டாலும், வழக்கமாக வாங்கியவர் அடுத்த தெருவுக்குப் பழகிவிட்டிருப்பார் என்று மட்டுமே என்னால் இதை விளங்கிக்கொள்ள முடிகிறது.

இதற்கெல்லாம் மார்வெல் கண்டிருக்கும் மருந்து, 2026 டிசம்பர் 18ஆம் தேதி என்று அறிவிக்கப்பட்டிருக்கும் ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’. 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் என்ற ரசிகர் திருவிழா மேடையில், பச்சை அங்கி போர்த்திய ஒருவர் முகமூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்தவர் ராபர்ட் டவுனி ஜூனியர். டோனி ஸ்டார்க்காக, அதாவது அயர்ன் மேனாக, ‘எண்ட்கேம்’ படத்தில் செத்து நம்மை அழவைத்தவர், இப்போது டாக்டர் டூம் என்ற வில்லனாக வருகிறார். அரங்கம் அதிர்ந்தது. எனக்கோ அந்தக் கறுப்புத் திரையின் சுத்தியல் சத்தத்தை யாரோ பின்னோக்கி ஓடவிட்டது போல இருந்தது.

2025 மார்ச் 26 அன்று அந்தப் படத்தின் நடிகர்களை நேரலையில் அறிவித்தார்கள். நேரலை என்றால் மனிதர்கள் அல்ல, நாற்காலிகள். முதுகில் ஒரு பெயர் எழுதிய நாற்காலி. அதையே சில நிமிடங்கள் காட்டுவார்கள். பிறகு கேமரா நகர்ந்து அடுத்த நாற்காலி. இப்படி 27 பெயர்கள், ஐந்து மணி நேரத்துக்கு மேல். நம் ஊரில் அப்போது இரவு. ஒன்பது மணிவாக்கில் அக்கா மகன் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “மாமா, நாற்காலி பார்த்துட்டு இருக்கேன்” என்று எழுதியிருந்தான். பேட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெல்லன் என்று இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பெயர்கள் வரத் தொடங்கியபோது, ‘எக்ஸ்-மென்’ படங்களில் ஸ்டூவர்ட் நடித்த இந்த புரொஃபஸர் எக்ஸ் இதுவரை எத்தனை முறை செத்திருக்கிறார் என்று அவனிடம் கேட்டேன். மூன்று என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நான்காக இருக்கலாம் என்று திருத்தினான். அதற்கு மேல் அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. கடைசி நாற்காலியில் டவுனி வந்து உட்கார்ந்ததைக் காலையில் நான்தான் அவனுக்குச் சொன்னேன். “தூங்கிட்டேன் மாமா, காலேஜ் இருக்கு” என்றான்.