ஆயிரம் கார்டு அடிச்சீங்களே, ஒருத்தராவது படிக்க முடியுதா?

தொழில் கண்காட்சி முடிந்த மறுநாள் எந்த வியாபாரியின் மேஜை டிராயரைத் திறந்தாலும் ரப்பர் பேண்ட் போட்ட விசிட்டிங் கார்டுக் கட்டு ஒன்று கிடக்கும். கோவை கொடிசியா அரங்கில் வாங்கியதோ, சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் வாங்கியதோ, எல்லாவற்றுக்கும் ஒரே கதிதான். அதில் பாதிக் கார்டைப் பார்த்தால் அந்த ஆள் என்ன தொழில் செய்கிறார் என்றே தெரியாது. மூன்று இனிஷியல், பக்கத்தில் 'எண்டர்பிரைசஸ்'. இல்லாவிட்டால் 'அசோசியேட்ஸ்'. இல்லாவிட்டால் 'குரூப் ஆஃப் கம்பெனீஸ்' (இருப்பது ஒரே கம்பெனி, அதுவும் வாடகை மாடியில்). என்னய்யா விற்கிறீர்கள்? பம்ப்செட்டா, பாலிதீனா, பங்குச்சந்தை ஆலோசனையா? 'புரொப்ரைட்டர்' என்று தங்க ஃபாயிலில் போட இடம் இருந்தது, 'மோட்டார் ரீவைண்டிங்' என்று ஒரு வரி போட இடம் இல்லையாம்!

இதற்கு நேர் எதிர் ஜாதி ஒன்று உண்டு. ரியல் எஸ்டேட், இன்சூரன்ஸ், பாஸ்போர்ட், பான் கார்டு, வாடகை வீடு, வரன் பார்த்தல், கேட்டரிங், எல்லாமே ஒரே அட்டையில். இவரிடம் எந்த வேலையை நம்பிக் கொடுப்பது? கூடவே நான்கு செல் நம்பர், எதில் வாட்ஸ்அப் இருக்கிறது என்று குறிப்பே கிடையாது. அதற்குக் கீழே 15 இலக்க ஜிஎஸ்டி எண். கார்டு என்ன பில் புத்தகமா? முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உங்கள் பான் எண். தனிநபர் பெயரில் நடக்கும் தொழில் என்றால் சொந்த பான் எண்ணையே தெருவில் போகிறவருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிறீர்கள். அது கொட்டேஷனில் இருந்தால் போதும்.

கார்டு வாங்குகிறவருக்கானது. இந்த ஒரு விஷயம் ஏன் யாருக்கும் ஏறவே மாட்டேன் என்கிறது? ஒரு மாதம் கழித்து அதை எடுத்துப் பார்க்கிறவருக்கு மூன்றே கேள்விதான்: இவர் யார், எனக்கு எதற்கு ஆவார், எந்த நம்பரில் பிடிப்பது. மிச்சம் எல்லாம் கொடுக்கிறவரின் ஆசை.

அந்த ஆசையைக் காசாக்குவதற்கென்றே டிடிபி சென்டரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கறுப்புப் பின்னணி, அதன் மேல் சாம்பல் எழுத்து, 5 பாயின்ட் அளவு. திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிக் காட்டினால் எந்தக் கார்டும் அம்சமாகத்தான் தெரியும். அச்சில் நடப்பது வேறு. கறுப்பை நான்கு மையும் கலந்து அடித்தால், உள்ளே வெள்ளையாக விட்ட மெல்லிய எழுத்துக்குள் மை பரவி அடைத்துக்கொள்ளும். மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுத் தகடும் ஒன்றின் மேல் ஒன்று முடி அளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். வெளிர்சாம்பல் எழுத்து என்பது அச்சில் தனி மை கிடையாது, கறுப்புப் புள்ளிகளின் கூட்டம். அதனால் சின்ன எழுத்தில் ஓரம் பிசிறும். சின்ன எழுத்து என்றால் வெள்ளைத் தாள், ஒற்றைக் கறுப்பு மை, நூறு சதவீதம். ஆங்கிலம் 8 பாயின்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. தமிழுக்கு மேலே இகரக் கொக்கியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் 9 வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் நாற்பதைத் தாண்டியவர், கண்ணாடியைக் காரில் வைத்துவிட்டு வந்திருப்பார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பார்டர் வேறு! கார்டைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் தள்ளி மெல்லிசாக ஒரு தங்கக் கோடு வேண்டுமாம். கார்டுகளை அடுக்காக வைத்துத்தான் கட்டிங் மெஷினில் வெட்டுகிறார்கள். கத்தி இறங்கும்போது அடுக்கு லேசாக நகரும், மேல் கார்டுக்கும் அடிக் கார்டுக்கும் அரை மில்லி, ஒரு மில்லி வித்தியாசம் வரும். பார்டர் இல்லாவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. இருந்தால் இடது பக்கம் ஒல்லி, வலது பக்கம் குண்டு. பிறகு அச்சகத்துக்காரரோடு சண்டை. பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லி நீட்டுங்கள், எழுத்தை உள்ளே 4, 5 மில்லி தள்ளுங்கள், பார்டரைத் தூக்குங்கள், சண்டையே வராது. தமிழ் எழுத்து இருந்தால் ஃபைல் அனுப்புமுன் அதை வளைகோடாக (கன்வெர்ட் டு கர்வ்ஸ்) மாற்றுங்கள், எழுத்து படமாகிவிடும். இல்லாவிட்டால் அந்தக் கடையின் பழைய கோரல்ட்ரா டிசைன் சாஃப்ட்வேரில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதையும் யாரும் பார்க்காமல் ஆயிரம் அடித்துவிடுவார்கள்.

ஏன் ஆயிரம்? ஆஃப்செட்டில் நிறத்துக்கு ஒரு தகடு, ஆக நான்கு தகடு. அந்தச் செலவு நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அதனால்தான் பல பேர் கார்டை ஒரே ஷீட்டில் கோத்து ஆயிரம் ஆயிரமாக அடிக்கிறார்கள். டிஜிட்டலில் தகடே கிடையாது. 13க்கு 19 அங்குல ஷீட்டில் 24 கார்டு வரும், ஐந்து ஷீட்டில் 120. நம்பர் மாறினால் தூக்கிப் போட்டாலும் மனசு நோகாது. ஆனால் நம் ஆள் 'ஆயிரத்துக்கு ரேட் கம்மி' என்று வாங்கிவிட்டு, ஆபீஸ் மாறியதும் பழைய முகவரியைப் பேனாவால் அடித்து அடித்துக் கொடுப்பார்.

க்யூஆர் கோடு கூத்துக்கு வருவோம். பெயர், பதவி, இரண்டு நம்பர், மூன்று வரி முகவரி, இணையதளம் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கிறார்கள். எழுத்து கூடக் கூடக் கட்டமும் கூடும். குறைந்தபட்சம் 21க்கு 21 கட்டம், இப்படித் திணித்தால் 57க்கு 57ஐத் தாண்டும். முகவரியைத் தமிழில் போட்டால் இன்னும் மோசம், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (எழுத்து, கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) மூன்று பைட் இடம் வேண்டும். 'செந்தில்' என்ற பெயருக்கே 24 பைட் போய்விடும். அதை ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடைத்தால் ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர்தான். மை கொஞ்சம் பரவினால் பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேலே பளபளா லேமினேஷன், நடுவில் லோகோ, சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு விட வேண்டிய வெற்றிடத்திலும் பூ டிசைன். ஸ்கேன் ஆகவில்லை என்றால் 'உங்க போன் பழசு சார்' என்று நம் மேலேயே பழி! பெயர், நம்பர், மெயில் இந்த மூன்று மட்டும், இரண்டு சென்டிமீட்டர், வெள்ளையில் கறுப்பு. அவ்வளவுதான் வேண்டும். இன்னொரு கொடுமை, இலவச ட்ரையலில் உருவாக்கிய டைனமிக் கோடு, அதாவது தகவலை வேறொரு இணையதளத்தில் வைத்துவிட்டு அதற்கான லிங்க்கை மட்டும் தாங்குகிற வகை. கணக்குக் காலாவதியானதும் 'இந்த லிங்க் செயலில் இல்லை' என்று வரும், கையில் 800 கார்டு மிச்சம் இருக்கும். தகவல் கோடுக்குள்ளேயே இருக்கும் ஸ்டாட்டிக் வகையைக் கேட்டு வாங்குங்கள், சந்தாவும் கிடையாது, சாவும் கிடையாது.

வெல்வெட் மாதிரி மேட் லேமினேஷனும் போட்டாயிற்று. அதில் பேனா பிடிக்காது! கார்டு வாங்கியதும் பின்பக்கம் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எங்கே, என்றைக்குப் பார்த்தோம்; அவருக்கு என்ன தேவை; நான் என்ன அனுப்புவதாகச் சொன்னேன். இது இல்லாத கார்டு அடுத்த வாரமே அனாதை. 'அப்படியானால் முன்பக்கம் மட்டும் லேமினேட் பண்ணிடுறேன்' என்பார் கடைக்காரர். வேண்டாம். மறுபக்கம் ஈரக்காற்றை இழுத்து விரியும், ஃபிலிம் ஒட்டிய பக்கம் விரியாது, மழைக்காலத்தில் கார்டு அப்பளமாக வளையும். பூச்சில்லாத 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) போர்டில் லேமினேஷனே இல்லாமல் அடிப்பதுதான் சரி.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கொடுக்கிற லட்சணம் இருக்கிறதே! கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுகிற வேகத்தில் வரிசையாக விநியோகம். ஒரு வார்த்தை பேச்சு இல்லை, எதிரில் இருப்பவர் பெயரைக் கேட்பதில்லை. ஒரு மாலையில் ஐந்து பேரிடம் ஒழுங்காகப் பேசினால் அதுவே பெரிய அறுவடை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு வரி: 'நேற்று மதியம் பம்ப் ஸ்டாலில் பேசினோம், நீங்கள் கேட்ட ரேட் லிஸ்ட் இத்துடன்.' இதை அனுப்ப எத்தனை நிமிஷம் ஆகும்?

வியாபாரிகள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைக் கைகாட்டிவிடும் வாராந்தர ரெஃபரல் கூட்டங்கள் தனி ரகம். எழுந்து நின்று, 'யாருக்கு எந்த மெஷினரி ஸ்பேர்ஸ் வேணும்னாலும் சொல்லுங்க' என்று உட்காருகிறார். 'யாருக்கு' என்றால் யார் முகமும் ஞாபகம் வராது, ஐயா. 'பல்லடம் பக்கம் 20 தறிக்கு மேல் ஓட்டுகிறவர், அடிக்கடி ஸ்பேர்ஸ் மாற்றுகிறவர் யாராவது தெரியுமா' என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பேராவது தன் மச்சானை நினைப்பார்கள். கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக யாரோ ஒருவர் நம்பரை எழுதி ரெஃபரல் என்று நீட்டுவது அதைவிடக் கேவலம். அந்த ஆளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமல் கொடுத்தால் போன் எடுத்தவர் எரிந்து விழுவார், உங்களை நம்பிக் கூப்பிட்டவர் அவமானப்படுவார், இனி இரண்டு பேருமே உங்கள் போனை எடுக்க யோசிப்பார்கள்.

கடைசியாக அந்த லக்கி டிரா கண்ணாடிக் கிண்ணம். 'கார்டு போடுங்க சார், மிக்சி பரிசு.' மிக்சி யாருக்குப் போனதோ, மறுநாள் காலை 'வெற்றி வணிகர்கள் 7' குழுவில் நம்மைச் சேர்த்து ரோஜாப்பூவோடு குட் மார்னிங் வந்துவிடும். கார்டைக் கொடுத்தது போன் பண்ணுவதற்கு, குழுவில் அடைப்பதற்கு அல்ல. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போய் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றி வையுங்கள், பாதித் தொல்லை ஒழியும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுகிற புத்திசாலிகளுக்கும் ஒன்று: உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பேச்சே கொடுக்காமல் கார்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனீர்களே, எவர் சேமித்திருப்பார்? இது தெரிந்ததும் அடுத்த போன் வருகிறது: 'சார், நம்ம நம்பரை கொஞ்சம் சேவ் பண்ணிக்கோங்க.' எந்தப் பெயரில் சேவ் பண்ணுவது, சொல்லுங்கள்? மூன்று இனிஷியல் எண்டர்பிரைசஸ் என்றா?