14 மாத யோசனை

அம்மாபேட்டையில் 40 ஆண்டுகள் தறியில் அமர்ந்து பட்டு நெய்த என் அப்பாவுக்குக் கண்புரை முற்றிவருகிறது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க எனக்கு 14 மாதங்கள் ஆயின. பணம் இல்லாமல் இல்லை, மருத்துவமனையும் தொலைவில் இல்லை, நான் யோசித்துக்கொண்டிருந்தேன். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் சாதாரண லென்ஸ் வைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து வைக்கும் லென்ஸில் இரவு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியக்கூடும் என்பதையெல்லாம் ஒரு குயர் நோட்டில் எழுதி, ஒவ்வொரு ஞாயிறும் புதிய ஐயம் ஒன்றைச் சேர்த்தேன். அதைப் பொறுப்பு என்றே நம்பினேன்.

இதற்கிடையில் அப்பா நாளிதழ் படிப்பதை நிறுத்தினார். ஒரு மாலை, காப்பியை டம்ளரில் ஊற்றுவதாக எண்ணி மேசைமேல் ஊற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தோள்துண்டால் அவசரமாகத் துடைத்தார். இழை அறுந்தால் விரல்நுனியிலேயே கண்டுபிடித்து முடிச்சிட்டவர் அவர். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

அளவுக்கு மீறி யோசிப்பதை நிதானம் என்று நாம் பாராட்டுவது தவறு. முதல் மூன்று வாரங்களுக்குப் பிறகு எனக்குப் புதிதாக எந்தச் செய்தியும் தெரியவரவில்லை. பிற்பாடு யாராவது குறை சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம்தான் வேறுவேறு கேள்விகளாக வந்துகொண்டிருந்தது. 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், எல்லா வழிகளையும் எடைபோட்டு ஆகச் சிறந்ததைக் கண்டறிவது மனிதரால் இயலாது என்றும், இவ்வளவு இருந்தால் போதும் என்று ஓர் அளவை வைத்துக்கொண்டு அதை எட்டும் வழியை மனிதர்கள் ஏற்கிறார்கள் என்றும் விளக்கினார். அந்த அளவை நான் வைக்கவே இல்லை.

ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன். காப்பிப் பழங்கள் ஒன்றாகச் சிவப்பதில்லை. பழுத்ததைப் பறித்துவிட்டு, மற்றவற்றுக்கு அடுத்த சுற்று வரவேண்டும். “செடி முழுக்கச் சிவக்கட்டும்னு நின்னா, மொதல்ல பழுத்தது கொட்டிப்போயிரும் மாப்ள. கொட்டினதுல பூச்சி வேற பெருகும்” என்றார். மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம்.

புரை கெட்டிப்பட்டிருந்ததால் வலக்கண் அறுவைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. அந்தக் குற்றவுணர்வு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த லென்ஸ் என்று அந்த 14 மாதங்களில் ஒருமுறைகூட அப்பாவிடம் நான் கேட்டதில்லை, அன்றுதான் கேட்டேன். “பேப்பர் படிக்கக் கண்ணாடி போட்டுக்கறேன், அதுக்கென்ன” என்று அவர் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இடக்கண்ணுக்கு வரும் வியாழக்கிழமை.