இன்ஜின் மேல தண்ணி அடிக்கிறதை நிறுத்துங்கய்யா!

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எந்த வாட்டர் சர்வீஸ் கடைக்கு வேணா போய்ப் பாருங்க. தெருமுனை வரைக்கும் வண்டி நிக்கும். எல்லாமே ஓடி வந்த சூட்டோட நிக்கும். உள்ள விட்டதும் முதல் வேலையா பானெட்டைத் திறக்குறாங்க, பிரஷர் கன்னை எடுக்குறாங்க, கொதிக்குற இன்ஜின் மேல நேரா அடிக்குறாங்க. குப்புனு ஆவி கிளம்புது. கார்க்காரரும் பக்கத்துலயே நின்னு, "அந்த மூலையிலயும் நல்லா அடிப்பா"ன்னு கை காட்டுறாரு. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது எனக்கு.

எங்க சித்தப்பா ரிட்டயர்மென்ட் காசுல வாங்குன பெட்ரோல் கார். கோயிலுக்கு, கல்யாணத்துக்குன்னு மட்டும் வெளிய எடுத்து, பொத்திப் பொத்தி வெச்சிருந்தாரு. பூஜைக்காகக் கழுவக் குடுத்தாரு. கடையை விட்டு வெளிய வந்து ரெண்டாவது சிக்னல் தாண்டல, வண்டி உதற ஆரம்பிச்சிருச்சு. பிக்கப் சுத்தமா இல்ல. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மினுக்குது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினா பி0303, அதாவது மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங், பெட்ரோல் சரியா எரியல. அந்த சிலிண்டரோட ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் குடுக்குற இக்னிஷன் காயிலைக் கழட்டி மேல இழுத்தாரு பாருங்க, அடியில இருக்குற ரப்பர்லேர்ந்து தண்ணி சொட்டுது. குழிக்குள்ள டார்ச் அடிச்சா பிளக் கண்ணுக்கே தெரியல, கலங்கல் தண்ணிதான் தெரியுது. காயில் போச்சு, பிளக் போச்சு. கழுவுன கடையில போய்க் கேட்டா, "உங்க வண்டியில முன்னாடியே கம்ப்ளெய்ன்ட் இருந்திருக்கும் சார்"ங்குறாங்க. அறுபது தாண்டின மனுஷன், என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம திரும்பி வந்தாரு. எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேங்குது.

இது ஏதோ ஒரு வண்டிக்கு நடந்த துரதிர்ஷ்டம் இல்லைங்க. இன்னிக்கு ஓடுற பெட்ரோல் கார்கள்ல பெரும்பாலானதுல ஸ்பார்க் பிளக் இன்ஜின் தலையில ஆழமான குழிக்குள்ள உக்காந்திருக்கு. அது மேலயே காயில். குழி வாயை மூடுறது ஒரு ரப்பர் வளையம்தான். வருஷக்கணக்கா சூட்டுல வெந்து வெந்து அந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். பிரஷர்ல அடிச்ச தண்ணி அதைத் தாண்டி உள்ள போயிடும், வெளிய வர வழி கிடையாது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் தண்ணி வழியா பாடிக்கு ஓடிடும். அப்படியே தொடர்ந்து ஓட்டினா, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள எரியும். அது போச்சுன்னா வர்ற செலவுக்கு முன்னாடி காயில் விலையெல்லாம் ஒண்ணுமே இல்ல.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் தயாரா வெச்சிருக்காங்க: "மழையில ஓடுற வண்டிதானே சார், கனெக்டர் எல்லாம் வாட்டர் ப்ரூஃப்." யாருங்க சொன்னது? மழைத்தண்ணி கீழேர்ந்து தெறிக்குறது வேற, ஒரு சாண் தூரத்துலேர்ந்து நூறு பார் (காத்தழுத்தத்தைப் போல சுமார் நூறு மடங்கு) பிரஷர்ல ஒரே இடத்தைக் குடையுறது வேற. ஐபி67ன்னு முத்திரை இருக்குற கனெக்டர்னா, ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்னு அர்த்தம். பீய்ச்சி அடிச்சா தாங்கும்னு அதுல எங்கயும் இல்ல. அதுக்குத் தனியா ஐபி69கேன்னு ஒரு சோதனை இருக்கு. அப்படித் தாங்குற கனெக்டரா இருந்தாலும், அது புதுசா இருந்தப்போ வாங்குன சான்றிதழ்தான். பத்து வருஷம் ஓடின வண்டியில கிளிப் உடைஞ்சிருக்கும், சீல் வெடிச்சிருக்கும், எலி கடிச்ச ஒயருக்கு யாராவது டேப் சுத்தி வெச்சிருப்பாங்க.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. தண்ணி அடிச்சு முடிச்சதும், "பாலிஷ்"னு சொல்லி டீசலையோ மண்ணெண்ணெயையோ ஸ்ப்ரே கன்ல ஊத்தி இன்ஜின் பூரா அடிக்குறது. பளபளன்னு கண்ணைப் பறிக்கும். ஐயா, டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்துல சூடாகுற காத்துல பட்டே பத்திக்குற எண்ணெய் அது. அதைப் போய், புகை வெளியேறுற, கொதிக்குற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்துல, டர்போ பக்கத்துல தெளிப்பீங்களா? இன்ஜினைக் குளிர்விக்குற கூலன்ட் போற ஹோஸ், பெல்ட் எல்லாம் பெரும்பாலும் ஈபிடிஎம்ங்குற ஒரு வகை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் அதுக்கு எமன். பட்டுக்கிட்டே இருந்தா ஊதிப்போகும், கொழகொழன்னு ஆயிடும், ஒரு நாள் ஹைவேஸ்ல வெடிச்சு கூலன்ட் பூரா கொட்டும். அந்த எண்ணெய்ப் பசையில ஒரே வாரத்துல முன்ன இருந்ததைவிட அதிகமா புழுதி அப்பிக்கும்.

கன் பிடிக்குற பையனை நான் குத்தம் சொல்லல. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஈரத்துல நிக்குற புள்ளைக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது யாரு? சொல்லிக் குடுக்க வேண்டிய முதலாளியைத்தான் கேக்குறேன். இன்ஜின் வாஷுக்குன்னு தனியா பில் போடத் தெரியுதுல்ல?

இத்தனைக்கும் இது வீட்டுலயே, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, ஒரு பக்கெட் தண்ணிகூடச் செலவாகாம பண்ற வேலை. ராத்திரி பூரா நின்ன வண்டியா இருக்கணும், இன்ஜினைத் தொட்டா சில்லுனு இருக்கணும். அதான் முக்கியம். பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை முதல்ல கழட்டுங்க. பெரும்பாலான வண்டிக்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். ஹைப்ரிட் வண்டியா இருந்தா ஆரஞ்சு கலர் கேபிள் பக்கம் கையையே கொண்டு போகாதீங்க. பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காத்து உறிஞ்சுற குழாய் வாய் மூணையும் பிளாஸ்டிக் கவரால மூடுங்க.

அப்புறம் காய்ஞ்ச பிரஷ்தான் எல்லாமே. ரெண்டு இன்ச் பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு வேக்குவம் கிளீனரும் இருந்தா பாதிக்கு மேல அழுக்கு போயிடும், ஏன்னா நம்ம ஊர்ல இன்ஜின்ல இருக்குறது முக்காவாசி புழுதிதான். வைப்பருக்குக் கீழ இருக்குற பள்ளத்தை மறக்காதீங்க. வேப்ப மரத்தடியில நிறுத்துற வண்டின்னா அங்க சருகு மக்கி, தண்ணி வடியுற ஓட்டையையே அடைச்சிருக்கும். மழை பெஞ்சா தண்ணி காருக்குள்ள கால் வைக்குற இடத்துக்கு வரும். தேங்கா நாரு, கந்தல் துணின்னு எலி கூடு கட்டியிருந்தா கையுறை போட்டு எடுங்க. பக்கத்துல ஒயர் கடிபட்டிருக்கான்னு ஒவ்வொண்ணா தடவிப் பாருங்க.

எண்ணெய்ப் பிசுக்கு இருக்குற இடத்துல மட்டும், தண்ணியில கலக்குற டிகிரீசரைப் பிரஷ்ல தொட்டுத் தேய்ங்க. இன்ஜின் மேல நேரா ஸ்ப்ரே பண்ணாதீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு, நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணியால ரெண்டு தடவை துடைங்க. காயில், கனெக்டர், சென்சார் பக்கமெல்லாம் காய்ஞ்ச துணி மட்டும். ரேடியேட்டர் ஃபின் மெல்லிசு அலுமினியம், அழுத்தினாலே மடங்கிடும், மெதுவா பிரஷ் ஓட்டுங்க. முடிச்சதும் பானெட்டை ஒரு மணி நேரம் திறந்தே போடுங்க. மூடி வெச்ச கவரையெல்லாம் எடுத்தாச்சான்னு பார்த்துட்டு, டெர்மினலை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. கடிகாரம், ரேடியோ செட்டிங் போயிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

துடைக்கும்போது உங்க கண்ணுலதான் எல்லாம் படும். இன்ஜின் தலையை மூடுற வால்வு கவர் ஓரத்துல புதுசா ஆயில் கசியுதா, கூலன்ட் ஹோஸ் கிளிப்கிட்ட காய்ஞ்ச கறை இருக்கா, பெல்ட் விரிசல் விட்டிருக்கா. கடையில அடிக்குற தண்ணியும் டீசலும் அந்த அடையாளத்தைத்தான் முதல்ல அழிக்குது. பழைய கார் விக்கிறவங்க சிலபேருக்கு இது நல்லாவே தெரியும், அதான் ஆளு பார்க்க வர்ற அன்னிக்குக் காலையில இன்ஜினை டீசல்ல குளிப்பாட்டி நிறுத்துறாங்க. பானெட்டைத் திறந்ததும் மினுமினுன்னு டீசல் வாடையோட ஒரு இன்ஜின் தெரிஞ்சா, அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஒரு வாரம் ஓட்டிட்டு, கழுவாம அப்படியே காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னு சொன்னாங்கன்னா எழுந்து வந்துடுங்க.