ஐடிலை ஏற்றிவிட்டால் நடுக்கம் தீர்ந்துவிடுமா?

"பழைய வண்டின்னா அப்படித்தான் சார் ஆடும், மூணு சிலிண்டர் வேற." இதைச் சொல்லிச் சொல்லியே மெக்கானிக்குகள் எத்தனை மாருதி 800-ஐயும் ஆல்ட்டோவையும் பாழாக்கியிருக்கிறார்கள்! சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் உதறுகிறது, டேஷ்போர்டு கடகடக்கிறது என்று வண்டியைக் கொண்டுபோனால், பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகத்தை, 1,200 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1,200 சுற்று) ஏற்றிவிட்டு "இப்ப பாருங்க" என்கிறார்கள். நடுக்கம் அடங்கினாற்போலத்தான் இருக்கும். கோளாறு அப்படியே இருக்கும். பெட்ரோல் வீணாவதும், கிளட்ச்சை விடும்போது வண்டி முன்னால் பாய்வதும் அதற்கு மேல். இது ரிப்பேர் இல்லை, மூடிமறைப்பு.

மூன்று சிலிண்டர் எஞ்சினுக்குக் கொஞ்சம் ஆட்டம் உண்டுதான். ஆனால் அது சீரான அதிர்வு. 900 ஆர்பிஎம்மில் நொடிக்கு இருபத்திரண்டு தடவைக்கு மேல் எரிப்பு நடக்கும். இருக்கையில் ஒரு முனகலாகத்தான் தெரியும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் நொடிக்கு ஏழெட்டு முறை 'தட் தட்' என்று எஞ்சினே குலுங்கும். சைலன்சர் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டினால் காற்று விட்டுவிட்டு அடிக்கும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்தான் ஸ்பானரை எடுக்கிறார்!

ஐந்து நிமிட வேலை இது: ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. கார்புரேட்டர் வண்டியில் காப்பிட்ட பிளையரால் ஸ்பார்க் பிளக் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சில நொடியில் திரும்ப மாட்டுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில், இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். கழற்றினால் எஞ்சின் தள்ளாட வேண்டும். எதைக் கழற்றும்போது ஒரு மாற்றமும் இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. எம்பிஎஃப்ஐ வண்டியில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உடனே ஐடிலைச் சரிக்கட்டிவிடும் என்பதால் முதல் நொடியிலேயே காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

பிறகு அந்தச் சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் (சிலிண்டர் எரியாமல் விடுவது) கூடவே போனால் கோளாறு பிளக்கில். பீங்கானில் பென்சிலால் கிழித்தது போல் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் மின்சாரம் அந்த வழியாகவே ஒழுகுகிறது என்று அர்த்தம். பிளக் நல்லதென்றால் இரவில் விளக்கை அணைத்துப் பானெட்டைத் திறந்து பாருங்கள். கேபிள் கெட்டிருந்தால் அதிலிருந்து எஞ்சின் மேல் நீலப் பொறி குதிக்கும்.

ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரி என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம். எஞ்சின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, கேஜ் வைத்து அளவு எடுக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே ஒரு கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) மேல் வித்தியாசம் வரக்கூடாது. குறைந்ததில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள்: ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. கேஸ் கிட் போட்ட வண்டிகளில் இதை யாருமே பார்ப்பதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டு தேய, டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) குறைந்துகொண்டே போய் வால்வு முழுசாக மூடாமல் போகிறது. வேகத்தில் தெரியாது, ஐடிலில்தான் உதறும். ஆரம்பத்திலேயே ஃபீலர் கேஜ் வைத்துச் செட் பண்ணினால் தீர்ந்தது. ஐடிலை ஏற்றி ஆறு மாதம் ஓட்டினால் வால்வு கருகி ஹெட்டை இறக்க வேண்டிவரும்.

எந்தச் சிலிண்டரும் செத்திருக்காமல் ஐடில் மட்டும் ஏறி இறங்கினால் வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள், பிரேக் பூஸ்டர் ஹோஸ் உட்பட. நசுக்கியதும் சத்தம் நிதானமானால் லீக் அந்த வழியில்தான். ஏசி போட்டால் மட்டும் துவள்கிறதா? முதலில் த்ராட்டில் பாடி கரியைச் சுத்தம் செய்யுங்கள்.

எஞ்சின் அமைதியாக ஓடி வண்டியின் பாடி மட்டும் நடுங்கினால்தான் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) பேச்சையே எடுக்க வேண்டும். அதிலும் சைலன்சர் குழாய் எங்காவது பாடியில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகு. இவர்களோ மவுண்டிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள், அதில்தானே பில் போடலாம்! அதையும் ஒழுங்காகப் போடுவதில்லை. விலை குறைந்த மவுண்டின் ரப்பர் கல் மாதிரி இருந்து அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும். போல்ட்டுகளை லூசாக மாட்டி, எஞ்சினை ஆட்டி உட்காரவைத்து, பிறகுதான் இறுக்க வேண்டும். வரிசையாக ஒரே மூச்சில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். புது மவுண்ட் போட்ட வண்டி முன்பைவிட அதிகமாக உதறும்.

கழற்றிய பழைய மவுண்டைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் வெடிக்காமல், இரும்பிலிருந்து பிரியாமல், தொய்யாமல் இருந்தால் எதற்காக மாற்றினீர்கள் என்று அங்கேயே நின்று கேளுங்கள்.