தூரத்தின் மேல் பழி போடாதீர்கள்

கடந்த வாரம் நான் போட்ட படகுத்துறைப் பதிவையும் அதன் கீழே நடந்த வாக்குவாதத்தையும் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். அவுஸ்திரேலியாவின் வடமேற்கில், கிம்பர்லிக் கரையில், தீவுகளைப் பார்க்கப் போகும் படகுக்கு இறங்கும் பாலம் செங்குத்தாக இருந்தது. தூக்கிக்கொண்டுபோகிறோம் என்றார்கள், நான் மாட்டேன் என்றேன், படகு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. முழுவதையும் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஆறுதல் சொன்னவர்களே ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தீர்கள். "அவ்வளவு தூரத்தில் இருக்கிற இடம் தங்கச்சி, அங்கே இந்த வசதியெல்லாம் எப்படிச் செய்வார்கள்?" படகுக்காரர் என்னைக் கரையில் விட்டுப் போனதைவிட இந்த வசனம்தான் என்னைக் கூடுதலாகச் சுட்டது.

தூரம் காரணம் அல்ல. இந்தப் பதிவில் நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

அன்று நடந்ததையே எடுத்துக்கொள்வோம். கிம்பர்லிக் கரை வற்றுப்பெருக்குக்குப் பெயர்போனது. சில இடங்களில் கடல்மட்டம் 10 மீற்றருக்கும் மேலே ஏறி இறங்கும். கரையிலிருந்து மிதக்கும் மேடைக்கு இறங்கும் இரும்புப் பாலம், கடல் பெருகியிருக்கும்போது ஏறத்தாழ மட்டமாகக் கிடக்கும். வற்றியிருக்கும்போது அதே பாலம் ஏணி மாதிரி நிற்கும். இந்த நாட்டில் சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கான தரம் 14 அடி நீளத்துக்கு 1 அடி உயரம். அன்று நான் பார்த்த சரிவில் நாற்காலியின் பிரேக்கைப் பிடித்தாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டுதான் போகும். மெல்பேர்ணிலிருந்து புறப்படுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டிருந்தேன்: "நான் சக்கர நாற்காலியில் வருகிறேன், படகில் ஏற முடியுமா?" "நிச்சயமாக" என்று பதில் வந்தது. கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்குப் பெருகும் என்ற அட்டவணை ஒரு வருடத்துக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. அதே நிறுவனத்துக்குப் பிற்பகலிலும் ஒரு படகு இருந்தது. அந்த நேரம் கடல் பெருகியிருந்திருக்கும். "காலைப் படகு வேண்டாம், பிற்பகலில் வாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்தத் தீவுகளைப் பார்த்திருப்பேன். அந்த ஒரு வரிக்கும் தூரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிற்பகல் படகில் மாற்றித்தரக் கேட்டேன். நிறைந்துவிட்டது என்றார்கள்.

தூரம்தான் காரணம் என்பவர்கள் உலுரு என்ற பெரும் பாறைக்குப் போய்ப் பாருங்கள். இந்தக் கண்டத்தின் நட்டநடுவில் இருக்கிறது. அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்தே வீதியால் 450 கிலோமீற்றர் அளவில் போக வேண்டும். அங்கே பாறையின் அடிவாரத்தில் மாலா நடைபாதையில் நானே தள்ளிக்கொண்டு போனேன். குனியா நடைபாதை வழியாக முட்டிஜூலு நீர்நிலை வரைக்கும் போனேன். இறுக்கமான, மட்டமான பாதை. பாறைச் சுவரில் உள்ள பழைய ஓவியங்களுக்கு முன்னால் நின்றவர்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். உலுருவின் மேல் ஏறுவதை 2019 ஒக்ரோபர் 26 முதல் தடைசெய்துவிட்டார்கள். அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித இடம், ஏறாதீர்கள் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தடைக்குப் பிறகு அங்கே வருகிற எல்லோரும் அடிவாரத்தில்தான் நிற்கிறார்கள். மேலே போனவர்கள் திரும்பி வரும்வரை கீழே காத்திருக்கும் ஆளாக நான் அங்கே இருக்கவில்லை. அந்த நிம்மதி எனக்கு இந்த நாட்டில் வேறு எந்தச் சுற்றுலா இடத்திலும் கிடைத்ததில்லை. சரி, கதைக்கு வருகிறேன்.

பாலைவனத்தின் நடுவில் செய்ய முடிந்திருக்கிறது. விக்ரோறியா மாநிலத்தில் பூங்காத் துறை, ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் டிரெயில்ரைடர் என்ற நாற்காலியை இலவசமாக இரவல் தருகிறது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால் கல்லும் வேருமான மலைப்பாதையிலும் போகலாம். எங்களுக்கான பொதுக் கழிப்பறைகள் பூட்டியிருந்தாலும் திறக்க எம்.எல்.ஏ.கே. என்று ஒரு பொதுச் சாவி இருக்கிறது. அது என் பையில் எப்போதும் கிடக்கும். மெல்பேர்ண் கடற்கரையில் திறக்கும் அதே சாவி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி ஒரு சின்ன ஊரின் பூட்டையும் திறக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே பூட்டை வைக்கத் தூரம் தடையாக இருக்கவில்லை. தொலைதூரப் பண்ணைகளில் இருப்பவர்களுக்கு மருத்துவர் வேண்டும் என்று 1928 இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து பறக்கும் மருத்துவர் சேவையையே தொடங்கிய நாடு இது. நூறு வருடத்துக்கு முன்னால் வானத்தால் மருத்துவரை அனுப்பியவர்களுக்கு இன்று வாசற்படிக்கு ஒரு பலகை போடத் தூரம் தடையாகிவிட்டதா?

வாசற்படி என்று சொன்னதால் அறைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை விடுதிகளில் "சக்கர நாற்காலி வசதியுள்ள அறை" என்று பதிவு செய்துகொண்டு போவேன். கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசல் வரை சல்லிக்கல் கொட்டியிருக்கும். முன்சக்கரம் இரண்டும் சின்னச் சக்கரங்கள், சல்லிக்குள் புதைந்தால் நாற்காலி முன்பக்கமாகக் கவிழும். அதைத் தாண்டினால் வாசலில் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு படி. உள்ளே குளியலறையில் பிடிகம்பி இருக்கும், ஆனால் குளிக்கிற இடத்தில் உட்கார நாற்காலி இருக்காது. கட்டிலின் அடிப்பகுதி தரை வரைக்கும் பெட்டியாக மூடியிருக்கும். எனக்கு அது பரவாயில்லை, கையை ஊன்றி நானே மாறிக்கொள்வேன். என் தோழி ஒருத்திக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஆளைத் தூக்கி மாற்றும் இயந்திரத்தின் கால்கள் கட்டிலுக்கு அடியில் போனால்தான் அவளைப் படுக்கவைக்க முடியும். ஒரு முறை இரவு முழுவதும் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த அறையின் சுவரிலும் நீலநிறச் சக்கர நாற்காலிப் படம் ஒட்டியிருந்தது.

கட்டிலுக்கு அடியில் எத்தனை சென்ரிமீற்றர் இடைவெளி, கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு, வாசலில் படி உண்டா? அளவுநாடாவை எடுத்து அளந்து தங்கள் இணையப் பக்கத்தில் எழுத ஐந்து நிமிடம் போதும். நாங்கள் கேட்பது இந்த உண்மையைத்தான். "வசதியில்லை" என்று நேராகச் சொன்னால் வேறு இடம் பார்ப்போம். இருக்கிறது என்று பொய் சொல்லி, அடுத்த விடுதிக்கு 200 கிலோமீற்றர் ஓட வேண்டிய இடத்தில் இருட்டுகிற நேரத்தில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் நாங்கள் எங்கே போவது? தூரமான இடத்தில் பொய்யின் விலை கூடுகிறது. தூரம் செய்வது அவ்வளவுதான்.

அடுத்தது, "நாலு பேருக்காக இவ்வளவு செலவா?" நாலு பேர் இல்லை. 2022 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் ஏதோ ஒரு வகை இயலாமையோடு வாழ்கிறவர்கள் 55 இலட்சம் பேர், ஐந்தில் ஒருவருக்கும் மேல். எல்லோரும் சக்கர நாற்காலியில் இல்லைதான், ஆனால் படியும் சல்லியும் அவர்களில் எத்தனையோ பேருக்கு இடைஞ்சல். ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு கரவன் என்ற வீட்டு வண்டியோடு நாட்டைச் சுற்றும் முதியவர்களின் முழங்காலைக் கேட்டால் அதுவும் சொல்லும். "இயற்கையை இயற்கையாக விடவேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கார் நிறுத்த அங்கே தார் ஊற்றியபோது அவருக்கு அந்தக் கவலை வரவில்லை. அதற்கு மேல் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

"பாதுகாப்பு" என்பவர்களுக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல்லை வைத்துத்தான் எங்களை எல்லா இடத்திலும் தடுக்கிறார்கள். உள்நாட்டு வெயில் எங்களுக்கு ஆபத்து என்று எங்களுக்குத் தெரியாதா? முள்ளந்தண்டில் மேற்பகுதியில் காயப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை, உடற்சூடு தானாகத் தணிவதில்லை. அதனால்தான் தண்ணீர்த் தெளிப்பானும் ஈரத்துணியுமாகப் போகிறோம். மண்வீதியின் குலுக்கலில் அழுத்தப்புண் வரும் என்று தெரிந்துதான் இறங்கி ஓய்வெடுக்கிறோம். நெருஞ்சிமுள் அங்கேயும் இருக்கிறது, வள்ளுவர் காலத்து அதே நெருஞ்சி. காற்றடைத்த டயரை ஒரே குத்தில் முடித்துவிடும் என்று மாற்று டியூப் கொண்டுபோகிறோம். எங்கள் உடம்பின் ஆபத்தை எங்களைவிடக் கூடுதலாக யார் யோசித்திருக்கிறார்கள்?

விமானத்தைப் பாருங்கள். ஒரு பறப்பில் இரண்டு சக்கர நாற்காலிகளுக்கு மேல் ஏற்றமாட்டோம் என்று விதி வைத்திருந்த விமான நிறுவனத்துக்கு எதிராக ஒரு முதிய பெண்மணி வழக்குப் போட்டார். அது பாகுபாடுதான் என்று 2012 இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதை மாற்றினால் நிறுவனத்துக்குத் தாங்கமுடியாத சிரமம் என்று சொல்லி அவரைத் தோற்கடித்தது. ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1992 இலிருந்து இருக்கிறது. பொதுப் போக்குவரத்துக்கான தரநிலைகள் 2002 இல் வந்தன. ரயிலும் டிராமும் தவிர மற்றதெல்லாம் 2022 முடிவுக்குள் முழுமையாகச் சரியாகியிருக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கெடு போய்விட்டது. விமானப் பயணத்துக்குத் தனித் தரநிலைகள் கொண்டுவருவோம் என்று 2024 இல் அரசின் வெள்ளை அறிக்கையில் வாக்குறுதி தந்தார்கள். கர்ட் பெர்ன்லியை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பராலிம்பிக் சக்கர நாற்காலி ஓட்ட வீரர். 2009 இல் பப்புவா நியூகினியின் கொக்கோடா மலைப்பாதையின் 96 கிலோமீற்றரையும் கையால் ஊர்ந்தே கடந்தவர். அதை முடித்துவிட்டு வருகிற வழியில் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் அவருடைய சொந்த நாற்காலியைப் பொதிகளோடு அனுப்பச் சொன்னார்கள். பதிலுக்குத் தந்த நாற்காலியை அவரால் தானே தள்ள முடியாது. அவர் விமான நிலையத்துக்குள்ளும் ஊர்ந்தே போனார். காட்டில் அவர் ஊர்ந்தது அவருடைய விருப்பம். நகரத்தின் நடுவில் அவரை ஊரவைத்தது எந்தத் தூரம்?

இப்போது என் மனதில் கிடந்து அறுப்பதைச் சொல்கிறேன். "அவர்கள் தூக்கிக்கொண்டுபோய் இருத்துகிறோம் என்றார்களே, நீங்கள்தானே மாட்டேன் என்றீர்கள், அது திமிர் இல்லையா?" என்று எழுதியவர் வெள்ளைக்காரர் அல்ல. எங்கள் ஊரவர். என் திருமணத்துக்கு வந்து சாப்பிட்டவர். ஐயா, உங்களை யாராவது தூக்கியிருக்கிறார்களா? முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் உங்கள் தொடைக்குக் கீழே கையைக் கொடுத்து, உங்கள் உடை விலகி, காலொன்று தொங்கி, சுற்றிவர எல்லோரும் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, வழுக்கும் இரும்பில் இறங்கியிருக்கிறீர்களா? அவர்களுக்குக் கால் சறுக்கினால் உடைவது என் இடுப்பு. எனக்கு அங்கே உணர்ச்சி இல்லாததால் உடைந்ததே உடனே தெரியாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட எனக்கு இல்லையா?

எங்கள் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலையும் மாடி மண்டபத்தில்தான் வைக்கிறார்கள். கேட்டால் "நாலு இளைஞர்கள் இருக்கிறார்கள் தங்கச்சி, தூக்கிவிடுவார்கள்" என்கிறார்கள். அந்த மண்டபம் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அதற்கு என்ன தூரத்தைக் காரணம் சொல்வீர்கள்? நான் போவதை நிறுத்திவிட்டேன். நான் வராததை ஒருவரும் கேட்கவும் இல்லை. "அரசாங்கம் காசு கொடுக்கிறது, இவர்கள் ஊர் சுற்றுகிறார்கள்" என்று மட்டும் என் காதுக்கு வந்து சேர்கிறது. தேசிய ஊனமுற்றோர் காப்புறுதித் திட்டம் எனக்கு விமான டிக்கெட்டும் அறை வாடகையும் தருவதில்லை. நான் வேலைக்குப் போகிறேன், வரி கட்டுகிறேன், என் காசில் போகிறேன். தந்திருந்தாலும்தான் என்ன?

"காணொளியில் பார்க்கலாம்தானே" என்று எழுதிய அன்ரிக்கு: நீங்கள் போன வருடம் காசிக்குப் போனீர்கள். அதுவும் காணொளியில் இருக்கிறது.

படகு நிறுவனத்துக்குத் திரும்பவும் எழுதியிருக்கிறேன். காசைத் திருப்பித் தரத் தயார் என்றார்கள். காசு வேண்டாம், ஒவ்வொரு படகு நேரத்துக்கும் எதிரே பாலம் மட்டமாக இருக்குமா, சரிவாக இருக்குமா என்று உங்கள் பக்கத்தில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

செப்டெம்பரில் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து கூபர் பேடி வரைக்கும் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையால் காரில் இறங்குவதாக இருக்கிறோம். அந்த வழியில் தங்கியவர்கள் யாராவது இருந்தால், விடுதியின் பெயர், வாசலில் படி உண்டா இல்லையா, கழிப்பறைக் கதவின் அகலம், கட்டிலுக்கு அடியில் உள்ள இடைவெளி ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். கூபர் பேடியில் நிலத்துக்குக் கீழே குடைந்து கட்டிய விடுதி அறைகளைப் பற்றி யாருக்காவது நேரடியாகத் தெரிந்தால் அதையும். படம் இருந்தால் நல்லது. ஆறுதல் வார்த்தைகள் வேண்டாம், அளவுகளை அனுப்புங்கள்.